தொந்தரவு ஏதுமில்லை

ஜூன் 4, ஞாயிறு

பன்னிரண்டாவது மனுவுக்கும் பதில் வந்துவிட்டது. அரைப் பக்கம். முன்னாள் ஹவில்தார் தணிகாசலத்தின் மனைவி பூங்காவனம், வயது அறுபத்தாறு, மார்ச் 10 அன்று முன்னாள் படைவீரர் கிளினிக்கில் பரிசோதிக்கப்பட்டார். நோயாளிக்குத் தொந்தரவு ஏதுமில்லை என்று கேஸ் ஷீட்டில் பதிவாகியுள்ளது. ஆகவே மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படவில்லை. மருத்துவர் பேரில் தவறு காணப்படவில்லை. இதே வரிகளைத்தான் ஏப்ரலிலும் மே மாதத்திலும் அனுப்பினார்கள். தேதியை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

மார்ச் 13 காலை அவள் போய்விட்டாள். மாரடைப்பு. மூன்று நாள் முன்பு டாக்டர் எதிரில் உட்கார்ந்திருந்தவளுக்குத் தொந்தரவு ஏதுமில்லை என்று எழுதினார்களே, அதற்கு யார் பொறுப்பு என்று தெரியாமல் நான் விடப்போவதில்லை.

துணி துவைத்தேன். இரண்டு வேட்டி, ஒரு சட்டை, ஒரு தலையணை உறை. இன்னொரு உறை அழுக்காகவில்லை.

ஜூன் 7, புதன்

களி கிண்டினேன். கட்டி தட்டிவிட்டது. சாப்பிட்டேன்.

நான் இருபத்திரண்டு வருடம் ராணுவ ஆம்புலன்ஸ் ஓட்டியவன். எட்டாம் வகுப்பு பெயில். ஆங்கிலம் எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் வண்டியோடு காத்திருக்கும் நேரங்களில் முதலில் மருந்துப் பெட்டி லேபிள்களைப் படித்தேன், பிறகு அகராதியை வைத்துக்கொண்டு விதிப் புத்தகங்களைப் படித்தேன். வார்டு எப்படி நடக்க வேண்டும், எப்படி நடக்கிறது என்று இரண்டும் தெரிந்தவன் இந்தத் தாலுக்காவில் நான் ஒருவன்தான். என் மனுக்களைப் படிப்பவர்கள் என்னை ஏதோ பொழுது போகாத கிழவன் என்று நினைக்கிறார்கள்.

மார்ச் 10 அன்று கிளினிக்கில் ஈசிஜி மிஷின் நல்ல நிலையில் இருந்தது. ஆனால் அன்று பிரிகேடியர் இன்ஸ்பெக்‌ஷன். மிஷினைத் துடைத்து, பச்சைத் துணியில் புதிதாக உறை தைத்துப் போட்டு, மேலே பெயர்ச்சீட்டு ஒட்டி, சுவரோரமாக நிறுத்தி வைத்திருந்தார்கள். அந்த உறையைக் கலைக்க அங்கே ஒருவருக்கும் மனம் வரவில்லை. இதை நான் பன்னிரண்டு மனுவிலும் எழுதியிருக்கிறேன். பன்னிரண்டு பதிலிலும் உறையைப் பற்றி ஒரு சொல் இல்லை.

ஜூன் 11, ஞாயிறு

ஞாயிறு மாலை ஏழு மணிக்கு ஓசூரிலிருந்து மகள் கோமதி பேசுவாள். இன்றும் பேசினாள்.

"சாப்ட்டியா நைனா?"

"ஆச்சு."

"இன்னா செஞ்ச?"

"களி."

"தொட்டுக்க?"

"இருந்தது."

அவள் வீட்டில் மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது.

"இன்னும் லெட்டர் போட்டுக்கினுதான் கீறியா?"

"பதில் வர்ற வரைக்கும் போடுவேன்."

"பதிலுதான் வந்துச்சே."

"அது பதில் இல்ல."

"நைனா, அன்னிக்குக் காலைல அம்மா என்கிட்ட போன்ல பேசிச்சு. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூன் 15, வியாழன்

ரேஷன் கடையில் என் விரல் ரேகை விழவில்லை. நான்கு முறை வைத்துப் பார்த்தார்கள். தேய்ந்துவிட்டதாம். அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். ஸ்டியரிங் பிடித்த கை தேயத்தான் செய்யும் என்றேன். கடைக்காரன் சிரிக்கவில்லை.

கிளினிக் நோட்டீஸ் போர்டில் புதுத் தாள். முன்னாள் படைவீரர்களின் மருத்துவ வசதிகளை மறுஆய்வு செய்து சீர்திருத்தம் பரிந்துரைக்க ஒரு கமிட்டி போட்டிருக்கிறார்கள். ஜூலை 6 அன்று இங்கே வருகிறது. பயனாளிகள் தங்கள் கருத்தை நேரிலேயே சொல்லலாம்.

நின்றபடியே மூன்று முறை படித்தேன். இதுவரை நான் எழுதியதெல்லாம் மேஜைக்கு. இனிமேல் ஓர் ஆளின் முகத்தைப் பார்த்துச் சொல்லலாம். அவள் பெயர் அந்த அறிக்கையில் ஏற வேண்டும். வேறொன்றும் எனக்கு வேண்டாம்.

ஜூன் 18, ஞாயிறு

முன்னாள் படைவீரர் சங்கக் கட்டடத்தில் கூட்டம். தலைவர் சுபேதார் இருதயராஜ். ஓய்வுபெற்று இருபத்தைந்து வருடம் ஆகியும் அவரை நான் 'சாப்' என்றுதான் கூப்பிடுகிறேன். அவரும் என்னை வேறு மாதிரி பேச விடமாட்டார்.

"வாய்யா பெட்டிஷன்," என்றார் என்னைப் பார்த்ததும். எல்லாரும் சிரித்தார்கள்.

ஒத்திகை நடந்தது. கமிட்டி கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று.

"நாம கொற சொன்னா, அதையே சாக்கா வெச்சு இந்தக் கிளினிக்க மூடிட்டு, அம்பது கிலோமீட்டர் தள்ளிப் போய்ப் பாத்துக்கன்னு சொல்லிடுவான். அதனால இன்னா சொல்லணும்?"

"எல்லாம் நல்லாகீது சார்," என்றார்கள் முன்வரிசையில்.

லான்ஸ் நாயக் தஸ்தகீர் பாய் கை தூக்கினார். "சாப், எனக்கு மூணு மாசமா கண்ணுக்கு சொட்டு மருந்து வரலியே."

"வரும் பாய். வந்துகிட்டே கீது."

"கண்ணு போறதுக்கு முன்னாடி வருமா, போன பொறவு வருமா? அதத் தெரிஞ்சா பொண்ணு வீட்டுக்கு ஒரு நட போய் எல்லாரையும் பாத்துட்டு வந்துருவேன்."

மறுபடி சிரிப்பு. நான் எழுந்தேன். "நான் பேசுவேன் சாப். யார் தடுத்தாலும் பேசுவேன்."

"நீ பேசுவய்யா. உன்னை யாரு தடுக்க முடியும். அன்னிக்கு உன் வீட்டம்மாவப் பேச விட்டிருந்தா..." என்று ஆரம்பித்தவர், டீ வந்ததும் நிறுத்திக்கொண்டார்.

என்ன சொல்ல வந்தார் என்று நான் கேட்கவில்லை. அவர் எந்தப் பேச்சையும் முழுதாக முடிக்கிற ஆள் இல்லை.

ஏழு மணிக்கு போன் அடித்தது. குளித்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 22, வியாழன்

வாக்குமூலம் எழுதுகிறேன். இதுவரை நான்கு பக்கம். மனு எழுதுவதுபோல இல்லை இது. கமிட்டியில் படிப்பவர்களுக்கு நம் வழக்கங்கள் எல்லாம் தெரியும் என்று நினைக்கக்கூடாது. ஆகையால் முதலிலிருந்து எழுதினேன்.

ராணுவ ஆஸ்பத்திரியில் கமாண்டிங் ஆபீசர் ரவுண்ட்ஸ் வந்தால், நிற்க முடிந்த நோயாளி கட்டிலின் கால்மாட்டில் அட்டென்ஷனில் நிற்பான். நிற்க முடியாதவன் படுத்த இடத்திலேயே அட்டென்ஷன். போர்வைக்கு மேல் இரண்டு கையும் நேராக, பார்வை கூரையில். ஆபீசர் ஒவ்வொரு கட்டிலாக வந்து "கோயி தக்லீஃப்?" என்பார். தொந்தரவு ஏதாவது உண்டா என்று அர்த்தம். "நஹீ சாப்" என்று, அதாவது இல்லை சார் என்று, பதில் வரும். முப்பது கட்டிலில் முப்பது பேரும் சொல்வார்கள். காலில் குண்டு இருந்தவனும் சொன்னான்.

ஒரு முறை வடக்கே பனிப்பிரதேசத்தில் ஒரு ராஜபுத்திரப் பையனை ஏற்றிக்கொண்டு போனேன். காலை ரவுண்ட்ஸில் "நஹீ சாப்" என்று கணீரென்று சொன்னவன். மாலையில் அவனுடைய கால் விரல்கள் கறுத்துவிட்டன. வழியெல்லாம் அவன் முனகவில்லை. அவனைப் பற்றிப் பூங்காவனத்துக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், ஆம்பளை என்றால் அவன்தான் என்று. "அந்தப் பையனுக்குக் கால் தப்பிச்சுதா?" என்று கேட்பாள். கதையில் அவளுக்குப் பட்டது அது ஒன்றுதான்.

இதை வாக்குமூலத்தில் எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதி, அடித்துவிட்டேன்.

மார்ச் 10 பற்றி எழுதியது சுருக்கமாகத்தான் வந்திருக்கிறது. டாக்டர் கேட்டார். பதில் சொல்லப்பட்டது. டாக்டர் நாடி பார்க்கவில்லை, மிஷினின் உறையை எடுக்கவில்லை. அதற்குமேல் சேர்க்க ஒன்றும் இல்லை.

ஜூன் 25, ஞாயிறு

போன் வரவில்லை. சார்ஜ் இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன். இருந்தது.

ஜூன் 29, வியாழன்

புளி எங்கே வைத்திருக்கிறாள் என்று இன்றுதான் கண்டுபிடித்தேன். அரிசிப் பானைக்குப் பின்னால். மூன்று மாதமாகக் கடையில் வாங்கிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 2, ஞாயிறு

கோமதி பேசினாள். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

"நைனா, வெக்காத. நான் சொல்றத முழுசா கேளு."

"சொல்லு."

"அன்னிக்குக் காலைல அம்மா இன்னா சொல்லிச்சு தெரியுமா? முதுகு நடுவுல கல்ல வெச்ச மாதிரி கீது, நாலு நாளாச்சு, ரெண்டு படி ஏறினா மூச்சு வாங்குது, இன்னிக்கு டாக்டர் கிட்ட சொல்லிடறேன்னு சொல்லிச்சு. சாயங்காலம் நான் திரும்பப் போன் போட்டேன். சொன்னியாம்மான்னு கேட்டேன். 'உங்க நைனா சொல்லிட்டாரு'ன்னுச்சு."

போனை வலது காதிலிருந்து இடது காதுக்கு மாற்றினேன்.

"இன்னா சொன்ன நைனா?"

"ஞாபகம் இல்ல."

"உனக்கா ஞாபகம் இல்ல? எந்த வருஷம் எந்த வண்டிக்கு இன்னா நம்பர்னு சொல்லுவியே நீ."

எதிர்வீட்டில் கூப்பிடுகிறார்கள் என்றேன். எதிர்வீடு பூட்டிக் கிடந்து ஒரு வருடம் ஆகிறது. அவளுக்கும் அது தெரியும்.

ஜூலை 6, வியாழன்

கமிட்டி வந்தது. நான் பேசவில்லை. மழை வருவதுபோல இருந்தது, வரவில்லை.

ஜூலை 7, வெள்ளி

நேற்று நடந்ததை எழுதித்தான் ஆக வேண்டும்.

பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஒன்பதுக்கெல்லாம் நாற்பது பேர் கிளினிக் முற்றத்தில் நின்றோம். யாரும் சொல்லாமலே மூன்று வரிசையாகிவிட்டது. உயரமானவர்கள் இரண்டு பக்கமும், குட்டையானவர்கள் நடுவிலும். எழுபது வயதுக் கால்களுக்கு அது மறக்கவில்லை. மனைவிமார் பின்னால் பெஞ்சில் இருந்தார்கள்.

கமிட்டியின் தலைவர் ஒரு பெண். கர்னல் ஜெசிந்தா. டாக்டர், நம் நாகர்கோவில் பக்கம். பருத்திப் புடவை, கண்ணாடி, கையில் ஒரு நோட்டு. கூட டைப் அடிக்க ஒரு கிளார்க். வாசலில் கார் நின்றதும் சுபேதார் சாப் குரல் கொடுத்தார். நாற்பது ஜோடிக் குதிகால்களும் சேர்ந்தன.

அந்தம்மா திகைத்து நின்றதுபோல எனக்குத் தோன்றியது. "ஈசியா நில்லுங்க, ப்ளீஸ்," என்றார். நின்றோம். "உங்க எல்லாருக்கும் மருத்துவ வசதி சரியா கிடைக்குதா? யாருக்காவது தொந்தரவு இருக்கா?"

"இல்லை சார்," என்றது வரிசை.

நானும் சொன்னேன். என் சட்டைப் பையில் நான்கு பக்கம் இருந்தது. அட்டென்ஷன் பழக்கத்தில் பேண்ட்டின் பக்கத் தையலைத் தொடும் கட்டைவிரல்கள், வேட்டியில் இல்லாத தையலைத் தேடிக்கொண்டிருந்தன. என் குரல் மற்றவர்கள் குரலைவிடச் சத்தமாகவே வந்தது.

அதன் பிறகு அந்தம்மா உள்ளே போய் மருந்து அலமாரியைப் பார்த்தார். ஈசிஜி மிஷின் பச்சை உறையில் நின்றது. பன்னிரண்டரைக்குக் கார் போய்விட்டது. தஸ்தகீர் பாய் என் தோளில் கை வைத்து, "இன்னா ஹவில்தார், மைக்கு வேலை செய்யலியா?" என்றார். தாக்கிச் சொன்னாரா, தேற்றினாரா என்று தெரியவில்லை.

வீட்டுக்கு நடந்தே வந்தேன்.

மார்ச் 10 அன்றும் இப்படித்தான். டாக்டர் நாற்காலிக்குப் பின்னால் பிரிகேடியர் நின்றுகொண்டிருந்தார். பூங்காவனம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் நான், என் பக்கத்தில் சுபேதார் சாப். டாக்டர் அவளைப் பார்த்து, "என்னம்மா, ஏதாவது தொந்தரவு?" என்றார். அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். "இல்லை சார்," என்றேன் நான். டாக்டர் எழுதினார். பிரிகேடியர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். எனக்கு அது சந்தோஷமாக இருந்தது.

பஸ்ஸில் சொன்னேன், அவ்வளவு பெரிய ஆபீசர் முன்னால் முதுகு வலி மூட்டு வலி என்று ஒப்பாரி வைக்கக்கூடாது, அடுத்த மாதம் சொல்லிக்கொள்ளலாம் என்று. "சரி" என்றாள். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது அவளுக்கு.

இந்தப் பக்கத்தைக் கிழிக்கலாம் என்று நினைத்தேன். பக்க எண் அச்சடித்த டைரி. கிழித்தால் தெரியும்.

ஜூலை 8, சனி

கேஸ் சிலிண்டர் வந்தது. தூக்கி உள்ளே வைத்துத் தர ஆளில்லை. உருட்டினேன்.

ஜூலை 10, திங்கள்

சுபேதார் சாப் வீட்டுக்குப் போனேன். மாடு கழுவிக்கொண்டிருந்தார். கமிட்டியின் கடைசி அமர்வு மாவட்டத் தலைநகரில் 14ஆம் தேதி, தனித்தனியாகச் சந்திக்கலாம் என்று சொன்னார்.

"போகப் போறியா?"

"ஆமா சாப்."

"டாக்டர் மேல மறுபடி எழுதப் போற."

"அன்னிக்கு நீங்க பக்கத்துல நின்னீங்க. கேட்டீங்க."

"கேட்டேன்," என்றார். மாட்டின் முதுகில் தண்ணீரை ஊற்றினார். "நானா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன்யா."

அது எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது. இந்தத் தாலுக்காவில் இன்னும் எத்தனை பேர், எத்தனை ஸ்டூல்.

நான்கு பக்கத்தையும் அடுப்பில் போட்டேன். புதிதாக ஒரு பக்கம் எழுதினேன்.

ஜூலை 14, வெள்ளி

காலை ஐந்தரை பஸ். பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள். சின்ன அறை. கர்னல் அம்மா, கிளார்க், ஒரு மேஜை, எனக்கு ஒரு நாற்காலி.

"உக்காருங்க ஹவில்தார் சாப்."

"நிக்கிறேன் மேடம்."

"நீங்க நின்னா நானும் நிக்கணும். எனக்கு முட்டி வலி."

உட்கார்ந்தேன். ஓர் ஆபீசர் முன்னால் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

என் தாளைப் படித்தேன். இன்ஸ்பெக்‌ஷன் நாளில் மிஷின்களுக்கு உறை போட்டு வைக்கக்கூடாது. முன்னாள் படைவீரரை வரிசையில் நிறுத்தித் தொந்தரவு உண்டா என்று கேட்கக்கூடாது, அவன் உண்டு என்று சொல்லவே மாட்டான். குடும்பத்தாரைப் பார்க்கும்போது படைவீரரை வெளியே அனுப்பிவிட்டு, அந்தப் பெண்ணைத் தனியாகக் கேட்க வேண்டும். அவள் வாயால் சொன்னதை மட்டும் எழுத வேண்டும்.

"இது எங்க இருந்து வந்த யோசனை?" என்றார்.

மார்ச் 10 அன்று நடந்ததைச் சொன்னேன். டைரியில் உள்ளபடியே. பஸ்ஸில் பேசியதையும் சொன்னேன். கிளார்க் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கர்னல் அம்மா கண்ணாடியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு கிளார்க் தான் அடித்ததை வாசித்துக் காட்டினார். ஆங்கிலம். நோயாளிக்கும் மருத்துவருக்கும் இடையே ஏற்பட்ட தகவல் பரிமாற்றக் குறைபாட்டினால் அறிகுறிகள் கவனத்துக்கு வரவில்லை.

"அப்படி இல்ல," என்றேன். "புருஷன் பேச விடல. அப்படி எழுதுங்க."

"பெரியவரே, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். உங்க பேருக்கு எதுக்குக் கெட்டது?" என்றார் கிளார்க்.

"ரிப்போர்ட்ல தனி ஒரு ஆள் மேல பழி எழுதற வழக்கம் இல்லை," என்றார் கர்னல் அம்மா.

"டாக்டர் மேல பன்னண்டு மனு எழுதினேன் மேடம். ஒண்ணையும் வேண்டாம்னு திருப்பி அனுப்பல. வாங்கி வெச்சுக்கிட்டீங்க. இது பதிமூணாவது. இதையும் வாங்கிக்கணும்."

"இப்ப டாக்டர் மேல குத்தம் இல்லேங்கறீங்களா?"

"இருக்குது. அவரு கேட்டது அவளை. பதில் எந்த வாயிலேர்ந்து வந்ததுன்னு பாத்திருக்கணும். அதையும் எழுதுங்க. அவர விடல நான்."

அந்தம்மா நோட்டை மூடி வைத்தார். "நீங்க சொல்றத அப்படியே எடுத்தா, அது நடந்த சம்பவமா இணைப்புல வரும். பேரோட. நாளைக்கு உங்க சங்கத்துல படிப்பாங்க."

"படிக்கணும். குறைபாடுன்னு எழுதினா அது எங்கேயோ ஒரு பைல்ல இருக்குதுன்னு நினைச்சுக்குவாங்க. புருஷன்னு எழுதினாத்தான் அவங்கவங்க வீட்டைப் பாப்பாங்க."

மூன்று முறை மாற்றி அடித்தார்கள். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்தேன். முதல் முறை அவள் வயது தவறாக இருந்தது. இரண்டாவதில் 'தடுத்திருக்கக்கூடும்' என்று இருந்தது. மூன்றாவதில் கையெழுத்துப் போட்டேன்.

எழுந்தபோது கர்னல் அம்மாவும் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "பரிந்துரை ஏத்துக்கப்படும்னு நான் வாக்குக் கொடுக்க முடியாது," என்றார்.

"தெரியும் மேடம்," என்றேன்.

ஜூலை 16, ஞாயிறு

ஏழு மணிக்குக் காத்திருக்காமல் ஆறரைக்கு நானே கோமதிக்குப் போன் போட்டேன். கமிட்டியில் கொடுத்த நகலை வாசித்துக் காட்டினேன். ஆங்கிலத்தை அங்கங்கே நிறுத்தித் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். பரிந்துரை மூன்றும், சம்பவம், தேதி, இடம், கையெழுத்து. வாசித்து முடிக்க ஆறு நிமிடம்.

"முடிஞ்சுதா?" என்றாள்.

"முடிஞ்சுது."

"கமிட்டிக்குச் சொல்லிட்ட. நான் ஒரு மாசமா கேக்கறேன் நைனா. எனக்குச் சொல்லத் தோணல உனக்கு."

"இப்பதான் வாசிச்சேனே."

"அது அவங்களுக்கு எழுதினது."

தாளை மடித்து மேஜைமேல் வைத்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. தாள் இல்லாமல் நான் எதையும் பேசி வழக்கமில்லை.

"அம்மா பேசத்தான் வாயத் தொறந்தா," என்றேன். "என் முகத்தப் பாத்தா. நான் இல்லன்னுட்டேன். உன் அம்மாவ நான் பேச விடல கோமதி. அன்னிக்கு மட்டும் இல்ல."

மறுமுனையில் அழும் சத்தம் கேட்டது. அழாதே என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.